வட்டுக்கோட்டையில் ஒரு சந்திர கிரகணம்

இலங்கையில் தமிழ்ப் பத்திரிகையின் வரலாறு 1841ஆம் ஆண்டில் வெளிவந்த 'உதயதாரகை'யுடன் தொடங்குகின்றது. பத்திரிகைத் தொழிலிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1829ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி மாலை, யாழ்ப்பாணத்தின் மேற்குக் கரையிலே ஒரு நிகழ்ச்சி நடந்தது. அன்று அங்கே ஒரு பத்திரிகை இருந்திருந்தால் அதுவே முதற் பக்கச் செய்தியாகியிருக்கும். இரு தரப்பாரிடமும் கருத்துக் கேட்டு எழுதியிருப்பார்கள். பத்திரிகை இல்லாமற் போனபடியால் ஒரு தரப்பின் கூற்று மட்டுமே எழுத்தில் நின்றுவிட்டது. அந்த நிகழ்ச்சி ஒரு சந்திர கிரகணம்.

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823இல் ஓர் உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினரி என்று நம்மவர் வழங்கியது இதனையே. அதன் முதல் அதிபர் டானியல் பூவர் பாதிரியார். கணிதமும் வானியலும் அங்கே முக்கிய பாடங்களாக இருந்தன. செமினரியின் வாசலிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலேயே அராலி என்னும் ஊர் உள்ளது. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தின் பிறப்பிடம் அராலி. அவ்வூர் இராமலிங்க ஐயர் 1667ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பஞ்சாங்கம் கணித்தார் என்பது மரபுவழிச் செய்தி. அந்த மரபில் வந்தவர் விசுவநாத சாத்திரியார். வண்ணைக் குறவஞ்சி பாடிய புலவரும் இவரே. 1829ஆம் ஆண்டளவில் குடாநாட்டு மக்கள் நாளும் கோளும் பார்த்தது இவருடைய கணிப்பைக் கொண்டேயாகும்.

அவ்வாண்டுப் பஞ்சாங்கத்திலே மார்ச் மாதப் பூரணையன்று சந்திர கிரகணம் உண்டென்று சாத்திரியார் குறித்திருந்தார். பூவர் பாதிரியாரும் அதே கிரகணத்தை ஐரோப்பிய அட்டவணைகளைக் கொண்டு கணித்துப் பார்த்தார். இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகவில்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் 15 நிமிடமும், அது நீடிக்கும் கால அளவில் 24 நிமிடமும், நிலவு மறையும் அளவில் மூன்று விரலமும் வேறுபாடு காணப்பட்டது. நிலவின் விட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கே விரலம். ஆகவே மூன்று விரலம் என்பது நிலவின் விட்டத்தில் காற்பங்கு. பூவர் பாதிரியார் இந்த வேறுபாட்டை ஊரறியச் சொன்னார். குறித்த மாலையில் மக்கள் கூடி வானத்தைப் பார்த்தனர். பாதிரியாருடைய கணக்கே சரியாயிற்று என மிஷன் தரப்புப் பதிவுகள் கூறுகின்றன.

இந்தப் பதிவை ஐயுறுவதற்குக் காரணம் இல்லை. இன்றைய சூத்திரங்களைக் கொண்டு பின்னோக்கிக் கணித்தாலும், அன்று யாழ்ப்பாணத்து உள்ளூர் நேரப்படி மாலை ஏழேகால் மணியளவில் கிரகணம் உச்சத்தை அடைந்தது என்றும், நிலவின் விட்டத்தில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று அதிகமாக மறைந்தது என்றும் விடை வருகின்றது. பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டிய பூரணை அது. மேற்கே சூரியன் மறையும் வேளையிலேயே கிழக்கே நிலவு எழும். எழுந்து சற்று நேரத்திற்குள்ளேயே அதில் இருள் படிவதைப் பண்ணைக் கடலோரத்தில் நின்றவரும் பார்த்திருக்க முடியும். ஊர் முழுவதும் பார்த்து நியாயம் சொல்லக்கூடிய ஒரு பரீட்சையாக அது அமைந்தது இதனாலேயே.

கிரகணம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்வது நல்லது. ஏனெனில் அந்த 15 நிமிடத்தின் பொருள் அதிலேதான் அடங்கியிருக்கின்றது.

சூரிய ஒளியில் நிற்கும் பூமிக்குப் பின்னால் ஒரு நிழல் நீண்டு கிடக்கின்றது. கூம்பு வடிவான அந்த நிழல் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீற்றர் வரை சென்று முனையாக முடிகின்றது. சந்திரன் நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், அந்த இடத்தில் நிழலின் அகலம் சுமார் 9,000 கிலோமீற்றர். சந்திரனின் விட்டமோ 3,474 கிலோமீற்றர்தான். எனவே நிழலுக்குள் இரண்டரைச் சந்திரன்களுக்கு மேல் அடங்கும். ஒவ்வொரு பூரணையன்றும் சூரியனுக்கு எதிர்ப்புறத்திற்குச் சந்திரன் வருகின்றது. அப்படியானால் மாதந்தோறும் கிரகணம் நிகழவேண்டுமே என்ற கேள்வி எழும். நிகழாமைக்குக் காரணம், சந்திரன் செல்லும் பாதை சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதைக்கு ஐந்து பாகைக்குச் சற்று மேல் சாய்ந்திருப்பதாகும். வானத்தில் நிலவின் அகலம் அரைப் பாகையே. ஆகவே பெரும்பாலான பூரணைகளில் சந்திரன் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் சென்றுவிடுகின்றது.

இந்த இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. அவற்றையே நம் முன்னோர் இராகு என்றும் கேது என்றும் பெயரிட்டனர். பூரணை இவற்றுள் ஒன்றுக்கு அண்மையில் அமைந்தால் மட்டுமே சந்திர கிரகணம் உண்டாகும். அந்தப் புள்ளிகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 18.6 ஆண்டுகளுக்கு ஒரு தடவை வானத்தைப் பின்னோக்கிச் சுற்றி வருகின்றன. பாம்பு விழுங்குகின்றது என்ற புராணக் கதை மக்களிடையே வழங்கியது உண்மை. ஆனால் கிரகணம் நிழலால் நேர்வதென்பதை ஆரியபட்டர் கி.பி. 499ஆம் ஆண்டளவிலேயே எழுதி வைத்துவிட்டார். பஞ்சாங்கம் கணித்தவர்களின் வாய்பாட்டிலே பாம்பின் வாய் எங்கும் இல்லை. பூமியின் நிழலின் அளவும் சந்திரனின் அளவும் இராகுவின் இருப்பிடமுமே இருந்தன. எனவே 1829இல் மோதிக்கொண்டவை அறிவும் மூடநம்பிக்கையும் அல்ல. இரண்டு வானியல் அட்டவணைகளே அன்று மோதிக்கொண்டன.

நிழலோடு ஒப்பிடும்போது சந்திரன் மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை நகர்கின்றது. அதாவது ஒரு மணி நேரத்தில் தன் அகலத்தளவு தூரம். ஆகவே தொடக்கத்தில் 15 நிமிடம் பிழைத்தது என்றால் வானத்தில் காற்பங்கு நிலவளவு பிழைத்தது என்று பொருள். மறைவின் அளவில் மூன்று விரலம் என்பதும் காற்பங்கு நிலவுதான். இராகுவின் இருப்பிடத்தை ஒன்றரைப் பாகை தவறாக எடுத்துக்கொண்டாலே இந்த அளவு வேறுபாடு வந்துவிடும். தொலைநோக்கியோ மணிக்கூடோ இல்லாத ஒரு மரபு, பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த எண்களை வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்ட வந்தது எவ்வாறு என்பதே முதலில் கேட்கப்படவேண்டிய கேள்வி என்பேன்.

அந்தக் கேள்விக்கு விடை தரும் ஒரு சான்று, நல்லூழாக, மிகவும் அண்மைக் காலத்தது. கடலுக்கு அப்பால், புதுச்சேரியில், 1825ஆம் ஆண்டில் ஜோன் வாரன் என்பவர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். வாரன் பிறப்பால் பிரெஞ்சுக்காரர். ஆங்கிலேயரின் படையிற் சேர்ந்து, சென்னை வானாய்வுக்கூடத்திலும் சில ஆண்டுகள் பணியாற்றியவர். இந்தியக் கால அளவைகளைப் பற்றிக் 'காலசங்கலித' என்னும் பெருநூலை அதே ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். அந்தப் பஞ்சாங்கக்காரர் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, ஏட்டையோ எழுத்தையோ பாராமல், 1825 மே 31 – ஜூன் 1 இரவு நிகழ இருந்த சந்திர கிரகணத்தை வாரனுக்குக் கணித்துக் காட்டினார். வேண்டிய அட்டவணைகள் அனைத்தும் அவர் மனத்தில் சொற்களாகப் பதிந்திருந்தன. கணக்கின் பின்னாலுள்ள கொள்கை எதுவும் அவருக்குத் தெரியாது என்றும், நினைவாற்றல் மட்டும் வியக்கத்தக்கது என்றும் வாரன் எழுதுகிறார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் அந்தக் கணிப்புப் பிழைத்தது.

சொற்களிலே எண்களைப் பதித்து வைக்கும் முறையைக் கடபயாதி என்பர். க, ட, ப, ய என்னும் நான்கும் ஒன்று என்னும் எண்ணைக் குறிக்கும். மற்றைய எழுத்துக்களும் இவ்வாறே வரிசையாக எண்களைப் பெறும். பொருள்படும்படி ஒரு சிறு வாக்கியம் அமைத்தால் அதனுள்ளே சந்திரன் இருக்கும் இராசியும் பாகையும் கலையும் மறைந்து நிற்கும். வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயர் இதனால் வந்தது. சந்திரனுக்கு இவ்வாறு 248 வாக்கியங்கள் உண்டு. ஏன் 248? சந்திரன் பூமிக்கு ஒரு சமயம் கிட்டவும் ஒரு சமயம் எட்டவும் செல்கின்றது. கிட்ட வரும்போது வேகம் கூடும். ஒரு நாளில் 15 பாகைக்கு மேலும் செல்லும். எட்டப் போகும்போது 12 பாகைக்கும் குறையும். ஒரு முறை கிட்ட வந்தபின் மறுமுறை கிட்ட வர ஆகும் காலம் 27.55 நாள். இதனை ஒன்பதால் பெருக்கினால் மிகத் துல்லியமாக 248 நாள் வரும். எனவே 248 நாட்களுக்கு ஒருமுறை சந்திரனின் வேகம் முன்போலவே திரும்புகின்றது. அந்த 248 நாட்களின் நிலையை மனனம் செய்தவனுக்கு வானம் கைக்குள் வந்துவிடுகின்றது.

கணித வரலாற்று அறிஞர் ஓட்டோ நொய்கபவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் புதுச்சேரிச் சம்பவத்தை எடுத்து ஆராய்ந்தார். பாபிலோனிய ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளிலும், எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பப்பிரசு ஏடுகளிலும், ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த நூலிலும் இதே 248 நாள் முறை காணப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். அதாவது மேற்கே முற்றிலும் மறைந்துபோய், மண்ணைத் தோண்டி எடுத்துப் படிக்கவேண்டியிருந்த ஒரு கலை, சோழிகளை உருட்டும் ஒரு தமிழரின் கையிலே 1825 வரையில் உயிரோடு இருந்தது. வாரன் சந்தித்தவர் கொள்கை அறியாதவராக இருக்கலாம். அவர் சுமந்து வந்தது இரண்டாயிரம் ஆண்டுச் சொத்து.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நம்மவர்களுள் சிலர் வேறொரு கதையை விரும்பிச் சொல்வதுண்டு. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காக வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தமையால் கடலிலேயே முதல் வாய்ப்பை இழந்தார். எட்டாண்டுகள் காத்திருந்து 1769 ஜூன் மாதத்தில் புதுச்சேரியில் இரண்டாம் முறை ஆயத்தமானபோது மேகம் மறைத்தது. அந்தக் காத்திருப்பின்போது அவர் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதத்தைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30ஆந் திகதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் கணித்தபோது பிழை 41 விநாடியே என்றும், அக்காலத்துச் சிறந்த ஐரோப்பிய அட்டவணையான மேயரின் அட்டவணையில் பிழை 68 விநாடி என்றும் அவர் கண்டார். இதனை வைத்து ஐரோப்பியரை நாம் வென்றோம் என்று எழுதுவோர், 1825இல் வந்த 52 நிமிடத்தையும் 1829இல் வந்த 24 நிமிடத்தையும் சொல்வதில்லை. அவ்வாறே 1829ஐ மட்டும் சொல்வோர் 1765ஐச் சொல்வதில்லை. ஒரு கிரகணம் ஒரு மரபின் தரத்தை நிறுவாது. பல கிரகணங்களை அடுத்தடுத்துப் பார்த்து, பிழை கூடுகிறதா குறைகிறதா என்று குறித்து வைத்தால்தான் உண்மை தெரியவரும்.

அப்படிக் குறித்து வைத்த ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். கேரளத்து வடசேரிப் பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்து, பழைய எண்கள் கண்ணுக்குத் தெரிவதோடு பொருந்தாமையைக் கண்டு, 1431இல் 'திருக்கணிதம்' என்ற நூலை இயற்றினார். இப்பெயரில் உள்ள 'திரு' நாம் திருக்குறளில் வைக்கும் 'திரு' அன்று. 'த்ருக்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் அது. அதற்குக் காட்சி என்பது பொருள். கண்ணாற் கண்டு திருத்திய கணிதமே திருக்கணிதம். இவருக்கு முன்னரே சங்கமகிராம மாதவர் சந்திர வாக்கியங்களைத் திருத்தி மேலும் நுட்பமாக்கியிருந்தார். ஆகவே திருத்துவது மரபுக்கு விரோதம் என்ற எண்ணம் மரபில் இருந்து வந்ததன்று. திருத்தும் பழக்கம் இடையில் நின்றுபோயிற்று. சொற்களை மனனம் செய்யும் முறையின் வலிமையே அதன் குறையும் ஆகியது. மனனம் செய்த வாக்கியத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அது பிழையாகவே காதில் விழும்.

செமினரியார் கையிலிருந்த அட்டவணைகளின் கதை வேறு. கிரீனிச்சிலும் பாரிசிலும் பல தலைமுறையினர் ஒவ்வோர் இரவும் சந்திரனைப் பார்த்துக் குறித்த குறிப்புகளிலிருந்து அவை பிறந்தன. நடுக்கடலில் மாலுமி தன் கப்பல் நிற்கும் இடத்தை அறியச் சந்திரனின் நிலையை அறியவேண்டியிருந்தது. அதற்காகவே 1767 முதல் ஆண்டுதோறும் மாலுமிப் பஞ்சாங்கம் அச்சிடப்பட்டது. சந்திரனின் கணக்கில் பிழை வந்தால் கப்பல் பாறையில் மோதும். அங்கே திருத்தாமல் இருக்க முடியாது. அராலியில் பிழை வந்தால் கிரகண நீராடல் கால் மணி நேரம் முந்தும் அல்லது பிந்தும். அவ்வளவே. இரண்டு மரபுகளுக்கும் இருந்த வேறுபாடு மதத்தில் இல்லை, மூளையில் இல்லை, திருத்தவேண்டிய தேவையில் இருந்தது.

பூவர் பாதிரியாரும் அவருடைய தோழர்களும் இதனை மதத்தோடு முடிச்சுப் போட்டனர். பஞ்சாங்கம் பிழையானால் அதற்கு ஆதாரமான சாத்திரமும் பிழை, சாத்திரம் பிழையானால் சமயமும் பிழை என்பது அவர்களுடைய வாதம். யாழ்ப்பாணத்தார் இந்த வாதத்தை ஏற்கவில்லை. கிரகணத்தைப் பார்த்தவர்கள் கூட்டங் கூட்டமாக மதம் மாறவும் இல்லை, சாத்திரியாரின் பஞ்சாங்கத்தைக் கைவிடவும் இல்லை. அவர்கள் கேட்டிருக்கக்கூடிய எதிர்க்கேள்வி எளிது. உலகம் அசையாது என்று நெடுங்காலம் போதித்து, கலிலியோவை 1633இல் விசாரணைக்கு இழுத்தவர்களின் சமயம் அதனால் பொய்யாகிவிட்டதா? ஒரு கணக்கின் பிழை அந்தக் கணக்கின் பிழைதான்.

செமினரி செய்த நல்ல காரியம் இதற்குப் பின்னர் வந்தது. பூவருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் பாதிரியார், எதிர்த்து வாதாடுவதற்கு முன் அந்தச் சாத்திரத்தைப் படிக்கவேண்டும் என்று எண்ணினார் போலும். தமிழ்ச் சோதிட நூல் ஒன்றை முறையாகக் கற்று, மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் விரிவான விளக்கங்களோடும் 1848இல் யாழ்ப்பாணத்து மிஷன் அச்சகத்தில் வெளியிட்டார். 'கீழைத்தேய வானியலாளர்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு அதற்கு. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வெளிநாட்டார் நம்மைப் பற்றி எழுதியவற்றுள் இகழ்ச்சி குறைந்த நூல்களில் ஒன்று அது. செமினரி மாணவரும் பின்னர் ஆசிரியருமான கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் பீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்று வேலைக்குப் போகின்றார்களே தவிர மதத்திற்கு வருகின்றார்களில்லை என்பது அதனை மூடியவர்களின் மனத்தாங்கல்களுள் ஒன்று.

பரமேசுவரரின் வழியை மீண்டும் தொடக்கி வைத்தவர் சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த இவர், மாலுமிப் பஞ்சாங்கத்தைத் துணைக்கொண்டு திருக்கணித பஞ்சாங்கம் கணித்தார். சாத்திரம் அறிந்தவரே சாத்திரத்தைத் திருத்த முன்வந்தபோது எதிர்ப்பு எழாமல் இல்லை. ஆனால் அந்த முறை நிலைத்துவிட்டது.

இதன் பயனாக நம் வீடுகளில் வாக்கியம், திருக்கணிதம் என இரண்டு பஞ்சாங்கங்கள் இன்றும் உள்ளன. பத்திரிகை அலுவலகத்தில் இருந்த காலத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் தொலைபேசி அழைப்புகள் வரும். புதுவருடம் எத்தனை மணிக்குப் பிறக்கின்றது, மருத்துநீர் வைப்பது எப்போது, நீங்கள் எந்தப் பஞ்சாங்கத்தைப் போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். இரண்டு நேரங்களையும் அருகருகே அச்சிடுவதே எங்கள் வழக்கம். அதிலும் சிலருக்குத் திருப்தி இராது. சரியானதை மட்டும் போடவேண்டியதுதானே என்பர். எது சரி என்று கேட்டால் தங்கள் வீட்டில் இருப்பதைச் சொல்வார்கள்.

திவசத் திதி பார்ப்பதில் இந்த வேறுபாடு வேதனையாகவே முடிவதுண்டு. அண்ணன் ஒரு நாளும் தம்பி மறுநாளும் தந்தைக்குத் திதி கொடுத்த குடும்பங்களை நான் அறிவேன். இதற்குரிய காரணத்தை வானியல் தெளிவாகச் சொல்கின்றது. சந்திரனைப் பூமி மட்டும் இழுக்கவில்லை, சூரியனும் இழுக்கின்றது. அதனால் சந்திரனின் ஓட்டத்தில் பல ஏற்றத்தாழ்வுகள் உண்டாகின்றன. அவற்றுள் பெரிய ஏற்றத்தாழ்வைப் பழைய வாக்கியங்கள் கணக்கில் எடுத்தன. பூரணையிலும் அமாவாசையிலும் எஞ்சியவை பெரும்பாலும் அடங்கிப் போகும். அரை நிலவு நாளாகிய அட்டமியை ஒட்டி அவை தலைகாட்டும். அப்போது வாக்கியத்திற்கும் திருக்கணிதத்திற்கும் இடையில் திதி முடியும் நேரம் ஐந்து மணி நேரமளவுக்கும் வேறுபடக்கூடும். பழைய கணிதர் கிரகணத்தைக் கொண்டே தங்கள் எண்களைச் சரிபார்த்தனர். கிரகணமோ பூரணையிலும் அமாவாசையிலும் மட்டுமே வரும். எனவே கிரகணத்தில் கணக்குச் சரியாக வருமாறு அமைத்தனர், இடைப்பட்ட நாட்களில் உள்ள பிழை கண்ணில் படவில்லை. 1829இல் பூவர் பாதிரியார் சாத்திரியாரின் கணக்கைப் பரீட்சித்தது அது மிக வலுவாக இருந்த இடத்திலேதான்.

இப்போதெல்லாம் வாக்கிய பஞ்சாங்கக்காரர் பலரும் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணித முறைப்படியே கொடுக்கின்றனர். கிரகணத்தை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். அட்டமி முடியும் நேரத்தை எவர் பார்க்கப் போகிறார்? இதில் உள்ள முரண்பாட்டை நான் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கண்ணால் காணக்கூடியதில் காட்சியை ஏற்பவர்கள், காண முடியாததில் மட்டும் அதனை மறுப்பதற்கு என்ன நியாயம் என்று குடும்பத்தில் மூத்தவர்கள் அமர்ந்து பேசலாம். மரபைப் பின்பற்றுவோம் என்று முடிவு செய்தாலும் அது அறிந்து செய்த முடிவாக இருக்கும். அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் திதி கொடுப்பார்கள்.

அறிவு மட்டும் வந்துவிட்டால் அச்சம் போய்விடும் என்றும் சொல்வதற்கில்லை. 1955 ஜூன் 20ஆந் திகதி இலங்கைக்கு மேலாகப் பூரண சூரிய கிரகணம் சென்றது. இருபதாம் நூற்றாண்டிலேயே மிக நீண்ட பூரண கிரகணம் அது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் கருவிகளோடு வந்தனர். பத்திரிகைகள் நிமிடக் கணக்கோடு நேரத்தை அச்சிட்டன. அதே வேளையில், கிரகண நேரத்தில் வசம்பு மருந்து உண்டால் மேனி வெண்மையாகும் என்ற வதந்தி தென்பகுதியில் பரவி, அதனை உண்ட பெண்கள் பலர் மருத்துவமனையை நாட நேர்ந்தது. கிரகணத்தின் நேரத்தை எவரும் பிழையாகச் சொல்லவில்லை. நேரம் சரியாகத் தெரிந்திருந்தபடியால்தான் மருந்தையும் நேரத்தோடு உண்டார்கள்.

2010 ஜனவரி 15ஆந் திகதி கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்துக்கு மேலாகச் சென்றது. போர் முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. நண்பகல் கடந்து சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்ததை முற்றங்களிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் நின்று மக்கள் பார்த்தனர். 2019 டிசம்பர் 26ஆந் திகதி மீண்டும் ஒரு கங்கண கிரகணம் வடபகுதியில் தெரிந்தது. இவற்றைச் செய்தியாக்கிய பத்திரிகைகளில் 1829ஐ நினைவுகூர்ந்த ஒரு வரியையும் நான் காணவில்லை.

சூரியனும் சந்திரனும் இராகுவும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கிற்குத் திரும்பிவர 18 ஆண்டும் 11 நாளும் 8 மணி நேரமும் ஆகும். 223 பூரணைகளைக் கொண்ட இந்தச் சுற்றையும் பாபிலோனியரே கண்டறிந்தனர். ஒரு கிரகணம் இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் திரும்ப வருவதால் அவற்றை ஒரு குடும்பம் எனலாம். வட்டுக்கோட்டையார் பார்த்த கிரகணத்தின் குடும்பம் ஒவ்வொரு முறையும் நிழலின் ஓரத்தை நோக்கி விலகிக்கொண்டே வந்தது. பத்துச் சுற்றுக்களின் பின் 2009 ஜூலை 7இல் அது புறநிழலை மட்டும் உரசிச் சென்றது. 2027 ஜூலை 18ஆந் திகதியோடு அந்தக் குடும்பம் முடிவடைகின்றது என்பது கணக்கு.

சந்திர கிரகணங்கள் வேறு பல வரும். அவற்றைப் பார்க்கக் கண்ணாடியோ கருவியோ தேவையில்லை. ஆசிரியர்கள் தங்கள் மாணவரை முற்றத்தில் நிறுத்தி, நிலவின் விளிம்பில் முதல் இருள் படியும் நேரத்தையும் அது முற்றாக விலகும் நேரத்தையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கச் செய்யலாம். பின்னர் அந்த நேரங்களை வீட்டிலுள்ள பஞ்சாங்கத்தோடு ஒப்பிடச் சொல்லலாம். எந்தப் பஞ்சாங்கமாயினும் சரி. பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் செய்த வேலையும் இதுதான். சாத்திரியாருக்கும் பாதிரியாருக்கும் இடையில் நடந்த வழக்கிலே இரு தரப்பும் கேளாமல் விட்ட சாட்சியை நம் பிள்ளைகளாவது கேட்கட்டும்.